பறங்கிக்காய்க்குள் ஒரு விளக்கு

(பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி)



பறங்கிக்காய் என்றதும் உங்களுக்கு என்ன நினைவு வருகிறது? விடுதித் தோழியர் முகத்தைச் சுளிப்பது இங்கிருந்தே எனக்குத் தெரிகிறது. சாம்பாரில் மிதக்கும் அந்தத் துண்டுகளை, சிஸ்டர் பார்க்காத நேரத்தில் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்குவதில் நம்மில் பலர் கைதேர்ந்தவர்கள். அதே பறங்கிக்காயைப் பார்ப்பதற்காகச் சீட்டு வாங்கி, கம்பளிச் சட்டை அணிந்து, குளிரில் வரிசையாக நின்று, தாத்தா பாட்டி முதல் கைக்குழந்தை வரை குடும்பத்தோடு போகிறார்கள் என்று சொன்னால் நம்புவீர்களா? நானும் முதலில் நம்பவில்லை.

அமெரிக்காவில், நியூயார்க் நகருக்கு வடக்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவில், ஹட்சன் ஆற்றங்கரையில் குரோட்டன் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே வான் கார்ட்லாண்ட் மேனர் என்னும் பழைய மாளிகை ஒன்று உண்டு. 2005ஆம் ஆண்டு முதல் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் அந்த மாளிகையின் தோட்டத்தில், கையால் செதுக்கிய பறங்கிக்காய்களை 7,000க்கும் மேலாக அடுக்கி, ஒவ்வொன்றின் உள்ளேயும் விளக்கு வைத்து, இருட்டில் நடந்து பார்க்கும் ஒரு வழியை அமைக்கிறார்கள். ‘கிரேட் ஜாக் ஓ லான்டர்ன் பிளேஸ்’ என்று அதற்குப் பெயர்.

இந்தக் கட்டுரை எங்கள் வீட்டில் எழுந்த ஒரு மனத்தாங்கலினால் பிறந்தது. என் சித்தி நியூயார்க் மாநிலத்தில் நர்ஸ் வேலை பார்க்கிறார். சென்ற அக்டோபர் மாதத்தில் சித்தப்பாவும் சித்தியும் தங்கள் இரு பிள்ளைகளையும் அந்த விளக்கு வழிக்கு அழைத்துச் சென்று, படங்களை எங்களுக்கு அனுப்பியிருந்தார்கள். அம்மா அவற்றை அம்மாச்சியிடம் காட்டினார்கள். கோரைப் பற்களோடும் தீப்பிழம்பு போன்ற கண்களோடும் இளிக்கும் முகங்களைக் கண்டதும் அம்மாச்சிக்கு வந்ததே கோபம்! “சகல அர்ச்சிஷ்டவர்கள் திருநாள் வருகிற நேரத்தில் பசாசுக்கு விளக்கு ஏற்றுகிறார்களா? அதைப் பார்க்கப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனாளா?” என்று கேட்டுவிட்டு ஜெபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் சித்தி பேசியபோது அம்மாச்சி போனுக்கு வரவேயில்லை. எங்கள் தாத்தா கடந்த ஆனி மாதத்தில்தான் இறந்திருந்தார். அடக்கத்துக்குச் சித்தியால் வந்து சேர முடியவில்லை. இந்த வருத்தம் உள்ளே கிடந்ததனால்தான் கோபமும் இவ்வளவு பெரிதாகிவிட்டது என்று அம்மா என்னிடம் தனியாகச் சொன்னார்கள்.

நான் மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டரிடம் இதைக் கேட்டேன். “சரியா தவறா என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் அது என்னவென்று தெரிந்துகொண்டு வா” என்றார்கள். தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த வழி எப்படியிருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். சித்தி போனில் சொல்லச் சொல்ல நான் நோட்டில் குறித்துக்கொண்டவை இவை.

எல்லாரும் ஒரே நேரத்தில் உள்ளே போக முடியாது. சீட்டிலேயே நேரம் அச்சிட்டிருக்கும். அந்த நேரத்துக்குத்தான் விடுவார்கள். வழி ஒரே பக்கமாகப் போகும். எதிரே யாரும் வருவதில்லை. அதனால் இருட்டில் ஒருவரை ஒருவர் இடித்துக்கொள்வதில்லை. தள்ளுவண்டியில் கைக்குழந்தையை வைத்துக்கொண்டும் போகலாம். மரங்களுக்கிடையே இசை ஒலித்துக்கொண்டிருக்கும். முதலில் சாதாரண முகங்கள். சிரிப்பவை, அழுபவை, கண் சிமிட்டுபவை. பிறகுதான் வேடிக்கை. பறங்கிக்காய்களைக் கம்பிச் சட்டத்தில் கோத்து ஆளுயரத்துக்கும் மேலான டைனோசார்களைச் செய்திருக்கிறார்கள். சிலந்தி வலை இருக்கிறது. தேனீக் கூடும் சூரியகாந்திப் பூக்களும் இருக்கின்றன. சுதந்திர தேவி சிலைகூட உண்டு. ஹட்சன் ஆற்றின் குறுக்கே 2017 வரை டாப்பன் சீ என்றொரு பெரிய பாலம் பயன்பாட்டில் இருந்தது. அதைப் போலவே பறங்கிக்காய்களால் ஒரு பாலம் அமைத்து, அதற்குப் ‘பம்ப்கின் சீ’ பாலம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மக்கள் அதனூடே நடந்து போகிறார்கள். நட்சத்திர மண்டலம் போல் அமைத்த கூடாரம் ஒன்றும் உண்டு.

அந்தப் பகுதிக்கே உரிய கதாபாத்திரம் ஒருவனும் அங்கே நிற்கிறான். அவன் தலையில்லாக் குதிரை வீரன். வாஷிங்டன் இர்விங் என்ற எழுத்தாளர் 1820இல் வெளியிட்ட ‘ஸ்லீப்பி ஹாலோ’ கதையில் வருபவன் அவன். கதையில் ஊர் வாத்தியார் ஒருவரை இரவில் அவன் துரத்துகிறான். மறுநாள் காலையில் வாத்தியாரைக் காணவில்லை. அவருடைய தொப்பியும், அதன் அருகே உடைந்த பறங்கிக்காய் ஒன்றும்தான் கிடக்கின்றன. குரோட்டனுக்குச் சற்றுத் தெற்கே இருக்கும் ஓர் ஊர் 1996இல் தன் பெயரையே ஸ்லீப்பி ஹாலோ என்று மாற்றிக்கொண்டது. கதையின் மேல் அவர்களுக்கு அவ்வளவு பிரியம்!

சித்தியின் இளைய மகனுக்கு நான்கு வயது. இந்தக் குதிரைக்காரனைக் கண்டதும் சித்தப்பாவின் கால்களைக் கட்டிக்கொண்டான். “தலை எங்கே? தலை எங்கே?” என்று கேட்டானாம். அவன் அக்காள்தான், “அதோ பார், கையில் வைத்திருக்கிறான். பறங்கிக்காய்!” என்று காட்டினாள். அதன் பிறகு அழுகை சிரிப்பாகிவிட்டது. வீடு திரும்பும் வரை காரில் தன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, “என் தலை இங்கே” என்று சொல்லிக்கொண்டே வந்தானாம்.

பிள்ளைகளோடு போகத்தக்க இடம் என்று இதைச் சொல்வது இதனால்தான். அமெரிக்காவில் ‘பேய் வீடு’ என்று வேறொரு வகை உண்டு. அங்கே வேடமிட்டவர்கள் இருட்டு மூலையிலிருந்து பாய்ந்து வந்து அலற வைப்பார்கள். விளக்கு வழியில் அப்படி யாரும் பாய்ந்து பயமுறுத்துவதில்லை. முகங்கள் தத்தம் இடத்திலேயே இருக்கின்றன, நாம்தான் நடக்கிறோம். பயமாக இருந்தால் பிள்ளை தானே நின்றுகொள்ளலாம், அல்லது வேகமாகக் கடந்துவிடலாம். இப்படிப் பயத்தின் அளவு பிள்ளையின் கையிலேயே இருப்பது நல்ல ஏற்பாடு என்று எனக்குத் தோன்றுகிறது. மிகச் சிறியவர்களோடு போகிறவர்கள் பொழுது சாய்ந்ததும் விடும் முதல் நேரத்துக்கே சீட்டு வாங்குவது நல்லது என்பது சித்தியின் யோசனை. தூக்கம் வந்துவிட்டால் பேயைவிட அழுகைதான் பெரிய தொல்லை!

இனி, அந்தக் காயை விளக்காக்குவது எப்படி என்று பார்ப்போம்.

செதுக்குவதற்கென்றே பயிரிடும் இனங்கள் உண்டு. மாசசூசெட்ஸ் மாநிலத்து விவசாயி ஜான் ஹவ்டன் உருவாக்கிய ‘ஹவ்டன்’ இனம் அவற்றுள் பேர்பெற்றது. நல்ல செம்மஞ்சள் நிறம், பிடித்துத் தூக்கத் தடித்த காம்பு. கறிக்கு இது அவ்வளவு சுவையாக இராதாம். முதலில் மேலேயோ அடியிலேயோ ஒரு மூடியை வெட்டுகிறார்கள். கத்தியைச் சாய்த்துப் பிடித்து வெட்ட வேண்டும். நேராக வெட்டினால் மூடி உள்ளே விழுந்துவிடும். விதைகளையும் நாரையும் கரண்டியால் வழித்து, சுவர் ஓர் அங்குலம் அளவுக்கு வரும்வரை சுரண்டுகிறார்கள். சுவர் தடித்தால் வெளிச்சம் வராது. மெலிந்தால் காய் மடிந்துவிடும்.

கண், மூக்கு, வாய் என்று முழுவதும் துளைத்தால் உள்ளிருக்கும் வெளிச்சம் வெண்மஞ்சளாக வெளியே பாயும். தேர்ந்த கலைஞர்கள் இன்னொன்றும் செய்கிறார்கள். துளைக்காமல், மேல் தோலை மட்டும் சீவிவிடுகிறார்கள். தோல்தான் வெளிச்சத்தை மறைப்பது. அதன் கீழிருக்கும் சதை, கையால் மூடிய டார்ச் விளக்கைப் போல் ஒளியைக் கசிய விடும். சதையின் தடிமனுக்கு ஏற்பச் செம்மை கூடும், குறையும். இப்படி ஒரே காயில் மூன்று நான்கு விதமான நிழல்களைக் கொண்டுவந்து மனித முகங்களையே தீட்டிவிடுகிறார்கள். அந்தச் செம்மஞ்சள் நிறத்துக்குக் காரணம் பீட்டா கரோட்டின் என்ற பொருள். கேரட்டின் நிறமும் அதனால் வருவதுதான். நம் உடல் அதைக் கொண்டு வைட்டமின் ‘ஏ’ தயாரித்துக்கொள்கிறது. தட்டின் ஓரத்தில் ஒதுக்குவோர் இதைக் கவனிக்கவும்!

உள்ளே மெழுகுவத்தி வைத்தால் மேலே சிறு துளை வேண்டும். இல்லாவிட்டால் புகை தங்கி, காற்றுக் குறைந்து சுடர் மங்கும். மூடியின் அடிப்பக்கம் சுடுபட்டு, காய் வெந்த வாசனை வரும். வீட்டு வாசலில் ஒன்றிரண்டுக்கு மெழுகுவத்தி சரிதான். ஆயிரக்கணக்கான காய்களும் வைக்கோலும் குழந்தைகளின் தொங்கும் உடைகளும் உள்ள இடத்தில் நெருப்பு ஆபத்து. ஆகையால் பெரிய விளக்கு வழிகளில் சிறு மின்விளக்குகளையே வைக்கிறார்கள்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த 7,000 காய்களும் வயலில் விளைந்தவை அல்ல. பெரும் உருவங்களில் பலவற்றைச் செயற்கைக் காய்களில் செதுக்குகிறார்கள். இதைக் கேட்டபோது எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆனால் காரணம் இருக்கிறது. முழுப் பறங்கிக்காய் எவ்வளவு நாள் இருக்கும் என்பது அம்மாச்சி வீட்டுக் கட்டிலுக்கு அடியில் பார்த்தவர்களுக்குத் தெரியும். மாசி மாதத்தில் உருட்டி வைத்தது ஆடி வரையில் கெடாமல் இருக்கும். மெழுகு பூசினாற்போன்ற அதன் தோல் ஈரத்தை வெளியே விடாது, பூஞ்சையை உள்ளே விடாது. அந்தத் தோலைக் கீறியவுடன் காவல் போய்விடுகிறது. ஒரு வாரம், பத்து நாளில் கறுத்து, பூஞ்சை படர்ந்து, வாய் உள்ளே மடிந்து, பல் போன கிழவரைப் போல் ஆகிவிடும். கடும் உறைபனி விழுந்தால் சதையில் உள்ள நீர் உறைந்து திசுக்கள் கிழிந்து, வெயில் ஏறியதும் காய் கூழாகிவிடும். விளக்கு வழியோ வாரக்கணக்கில் நடக்கிறது. உண்மைக் காய்களை இடையிடையே புதிதாகச் செதுக்கி மாற்றிக்கொண்டேயிருக்க வேண்டும். அதற்கென்று கலைஞர்களும், குடைந்து சுத்தம் செய்து தரத் தொண்டர்களும் இருக்கிறார்கள்.

“அத்தனை உணவுப் பொருளும் வீண்தானே?” என்று அம்மா கேட்டார்கள். நியாயமான கேள்வி. செதுக்குவதற்கு வளர்ப்பவை கறிக்கு வளர்ப்பவை அல்ல என்பது ஒரு பதில். எனக்கு அது முழுத் திருப்தி தரவில்லை. நிலமும் நீரும் இரண்டுக்கும் ஒன்றுதானே? விழா முடிந்ததும் காய்களை உரமாக்குவோரும், பன்றிக்கும் ஆட்டுக்கும் போடுவோரும் உண்டு. போர்ட்லாண்ட் நகரத்து ஆரிகன் மிருகக்காட்சிசாலையில் ராட்சதப் பறங்கிக்காய்களை யானைகளுக்குக் கொடுக்கிறார்கள். யானை அதன்மேல் காலை வைத்து மெதுவாக அழுத்தி, பிளந்ததும் உண்கிறது. குப்பையில் போடுவோரும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

சரி, காய்க்குள் விளக்கு வைக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது? அம்மாச்சியின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

அக்டோபர் 31ஆம் தேதி இரவை ‘ஹாலோவீன்’ என்கிறார்கள். ‘ஹாலோ’ என்றால் பழைய ஆங்கிலத்தில் அர்ச்சிஷ்டவர். ‘ஈன்’ என்பது ‘ஈவினிங்’ என்பதன் குறுக்கம். ஆக, சகல அர்ச்சிஷ்டவர்கள் திருநாளின் முந்திய மாலை என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள்! பெயரிலேயே நம் திருச்சபைத் திருநாள் இருக்கிறது. 731 முதல் 741 வரை ஆண்ட பாப்பரசர் மூன்றாம் கிரகோரியார் உரோமைப் புனித இராயப்பர் பேராலயத்தில் சகல அர்ச்சிஷ்டவர்களுக்கும் ஒரு சிற்றாலயம் அமைத்தார். 835இல் பாப்பரசர் நான்காம் கிரகோரியார் காலத்தில், நவம்பர் 1ஆம் தேதித் திருநாள் பிராங்கியர் நாடெங்கும் பரவியது. நவம்பர் 2ஆம் தேதி மரித்த விசுவாசிகள் எல்லாருக்காகவும் மன்றாடும் வழக்கத்தைப் பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் குளூனி மடத்து அதிபர் புனித ஓடிலோ தம் மடங்களில் ஏற்படுத்தினார். அதுவே நமது கல்லறைத் திருநாள்.

அயர்லாந்தில் கிறிஸ்தவம் வருவதற்கு முன்பே நவம்பர் முதல் நாளில் ‘சௌவின்’ என்ற விழா இருந்தது. அறுவடை முடிந்து, ஆடுமாடுகளை மேய்ச்சலிலிருந்து ஓட்டி வந்து, ஆண்டின் இருண்ட பாதியை எதிர்கொள்ளும் நாள். அன்றிரவு இறந்தவர்களும் வேற்றுலகத்தாரும் நடமாடுவார்கள் என்று நம்பினார்கள். அந்நாட்டில் கிறிஸ்தவம் தழைத்த பிறகும் அந்த நம்பிக்கைகள் முழுவதும் மறையவில்லை. ஐரிஷ் கிராமத்தார் டர்னிப் கிழங்கைக் குடைந்து, பயங்கர முகம் செதுக்கி, உள்ளே சிறு மெழுகுவத்தி ஏற்றி வைத்தார்கள். பசாசை அழைக்க அல்ல, விரட்ட! நம் ஊரில் புது வீடு கட்டும்போது திருஷ்டி பொம்மை கட்டித் தொங்கவிடுகிறார்களே, அதைப் போல. அப்படிப்பட்ட பழைய டர்னிப் முகம் ஒன்றின் வார்ப்பு, அயர்லாந்தில் மேயோ மாவட்டத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படத்தைப் பார்த்தேன். சுருங்கிய முகமும் சிறு பற்களுமாக, பறங்கிக்காய் முகங்களைவிட அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

‘ஜாக் ஓ லான்டர்ன்’ என்ற பெயருக்கு ஒரு கதை உண்டு. ஜாக் என்ற கஞ்சன் ஒருவன் பசாசை ஏமாற்றி, தன்னை நரகத்துக்குக் கொண்டுபோகக் கூடாது என்று வாக்கு வாங்கிவிட்டானாம். செத்ததும் மோட்சத்தில் அவனுக்கு இடமில்லை. நரகத்துக்குப் போனால் பசாசு வாக்கைக் காப்பாற்றுகிறேன் என்று கதவைச் சாத்திவிட்டது! இருட்டில் வழி தெரிய ஒரு நெருப்புக் கங்கை மட்டும் எறிந்தது. அதை டர்னிப்புக்குள் வைத்துக்கொண்டு இன்றுவரை அலைகிறானாம். சதுப்பு நிலங்களில் இரவில் மினுங்கும் வெளிச்சத்துக்கும் அங்கே இதே பெயர்தான். நம் ஊரில் அதைக் கொள்ளிவாய்ப் பிசாசு என்கிறோம். இரு நாட்டிலும் ஒரே மாதிரி பயந்திருக்கிறார்கள் பாருங்கள்.

1845ஆம் ஆண்டு அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. தொடர்ந்து 1852 வரை நீடித்த பஞ்சத்தில் ஏறக்குறைய 10 லட்சம் பேர் மாண்டார்கள். அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறி வெளியேறினார்கள். அமெரிக்கா சென்றவர்கள் அங்கே கண்ட காய், டர்னிப்பைவிடப் பெரியது, குடைய எளியது. பறங்கிக்காய் அமெரிக்க மண்ணுக்கே உரியது. மெக்சிகோவில் அதன் இனத்தை ஏறக்குறைய 10,000 ஆண்டுகளுக்கு முன்பே பயிரிட்டிருக்கிறார்கள். கடல் கடந்து வந்த பரங்கியர் மூலம் நமக்குக் கிடைத்ததை நம் மொழியில் அதன் பெயரே சொல்கிறது. ஊர் விட்டுப் போன ஐரிஷ் கத்தோலிக்கரின் விளக்கும் அமெரிக்கப் பூர்வகுடிகளின் காயும் சேர்ந்ததுதான் இன்றைய முகம். அதே அயர்லாந்திலிருந்து பஞ்சத்துக்குச் சற்று முன், 1842இல், பிரசென்டேஷன் சபைக் கன்னியர் சென்னைக்கு வந்து பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார்கள் என்பதையும் இங்கே நினைத்துக்கொண்டேன். அவர்களும் சிறு வயதில் டர்னிப் குடைந்திருப்பார்களோ?

இங்கிலாந்தில் இன்னொரு வழக்கம் இருந்தது. அந்த நாட்களில் ஏழைப் பிள்ளைகள் வீடு வீடாகச் சென்று, அந்த வீட்டில் மரித்தவர்களுக்காக ஜெபிப்பார்கள். வீட்டார் ‘ஆத்துமப் பணியாரம்’ கொடுப்பார்கள். இன்று வேடமிட்ட குழந்தைகள் வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்பதற்கு இதுவும் ஒரு வேர் என்று சொல்கிறார்கள். ஜெபம் போய்ப் பணியாரம் மட்டும் மிஞ்சிவிட்டது! ஆனால் 1950இல் பிலடெல்பியாவில் ஒரு பிராட்டஸ்டண்ட் போதகரும் அவர் மனைவியும், பிள்ளைகள் மிட்டாய்க்குப் பதிலாக உலகக் குழந்தைகளுக்கென்று யூனிசெஃப் நிறுவனத்துக்குக் காசு திரட்டும் வழக்கத்தைத் தொடங்கினார்கள். அது இன்றும் நடக்கிறது.

இதையெல்லாம் எழுதிக் கொண்டுபோய்க் காட்டினேன். சிஸ்டர் இரண்டு திருத்தம் செய்தார்கள். குறி கேட்பதும் ஆவிகளை அழைப்பதும் முதல் கட்டளைக்கு விரோதம், அதில் விளையாட்டு என்று ஒன்றும் இல்லை என்பதை நான் எழுத மறந்துவிட்டேனாம். மற்றொன்று, இரத்தமும் அறுத்த கழுத்துமாகக் கொடூரத்தை அலங்காரமாக்கும் வீடுகளும் அங்கே உண்டு, அதையும் மறைக்காதே என்றார்கள். உண்மைதான். அதனால்தான் சில பங்குகளில் பிள்ளைகளுக்குப் பேய் வேடம் போடாமல், புனித பிரான்சிஸ்கு, புனித குழந்தை தெரேசா என்று அர்ச்சிஷ்டவர் வேடமிட்டு விழா நடத்துகிறார்கள்.

பிள்ளைகளுக்கான விழா பெரியவர்களால் கெட்டுப்போன கதை ஒன்றும் உண்டு. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் கீன் என்ற சிறு நகரம். 1991 முதல் அங்கே ஊரார் எல்லாரும் வீட்டுக்கொரு காயாகச் செதுக்கிக் கொண்டுவந்து கடைத்தெருவில் மேடை கட்டி அடுக்கினார்கள். ஆண்டுக்கு ஆண்டு பெருகி, 2013இல் ஒரே நேரத்தில் 30,581 காய்கள் எரிந்து உலகச் சாதனை ஆயிற்று. அடுத்த ஆண்டு, 2014 அக்டோபரில், விழாவை ஒட்டி வெளியூரிலிருந்தும் திரண்ட இளைஞர் கூட்டம் குடித்துவிட்டுப் புட்டிகளை எறிந்தது, காரைக் கவிழ்த்தது, தீ வைத்தது. போலீசார் கண்ணீர்ப்புகை வீச வேண்டியதாயிற்று. 2015இல் நகர மன்றம் விழாவுக்கு அனுமதி மறுத்துவிட்டது. காய் செதுக்கிய பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்? 2017இல் கீன் மறுபடியும் விளக்கேற்றியது. சாதனை, கூட்டம் எதுவும் வேண்டாம் என்று, பள்ளிப் பிள்ளைகளுக்காக மட்டும் சிறிய அளவில். 30,581 என்ற எண்ணைவிட இந்தச் சிறிய விழாதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

நவம்பர் 2ஆம் தேதி மாலை. எங்கள் பங்குக் கல்லறைத் தோட்டம் முழுவதும் வெள்ளையடித்து, சாமந்தியும் கோழிக்கொண்டையும் தூவியிருந்தது. தாத்தாவின் கல்லறைக்கு இது முதல் ஆண்டு. சிமெண்டு இன்னும் புதிதாக இருந்தது. பங்குத்தந்தை மந்திரித்துவிட்டுப் போன பிறகு, அம்மாச்சி மண்ணைக் குழித்து மெழுகுவத்திகளை நட்டார்கள். காற்று அணைத்துக்கொண்டே இருந்தது. நான் ஒரு செம்பருத்தித் தொட்டியை மறைப்பாக நகர்த்தி வைத்தேன். அந்த நேரம் பார்த்துச் சித்தியின் அழைப்பு வந்தது. அம்மா கேட்காமலேயே போனை அம்மாச்சியின் கையில் கொடுத்துவிட்டார்கள்.

சித்தி ஒன்றும் பேசவில்லை. தம் வீட்டு வாசற்படியைக் காட்டினார். அங்கே அப்போது காலை நேரம். படியின்மேல் ஒரு பறங்கிக்காய். கண்ணும் பல்லும் இல்லை. ஒரு சிலுவை மட்டும் செதுக்கியிருந்தது, கொஞ்சம் கோணலாக. “அப்பாவுக்காகம்மா. நேற்று ராத்திரி பிள்ளைகள் ஏற்றினார்கள். விடிய விடிய எரிந்தது” என்றார்.

அம்மாச்சி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, “உள்ளே இருந்த விதையை என்னடி செய்தாய்?” என்று கேட்டார்கள்.

“உப்புப் போட்டு வறுத்துத் தின்றோம்மா.”

“எல்லாவற்றையும் வறுத்துவிட்டாயா? நாலைந்து வறுக்காமல் எடுத்து வை. லீவுக்கு வரும்போது கொண்டு வா. கிணற்றடியில் போட்டுப் பார்க்கலாம்.”

வெளிநாட்டு விதையை அனுமதிச் சீட்டு இல்லாமல் விமானத்தில் கொண்டுவரக் கூடாது என்பதை நான் இதற்குள் படித்துத் தெரிந்துவைத்திருந்தேன். அம்மாச்சியிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை.